போகவும் உரிமை உள்ளவர்

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்சியானுஸ் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் சுங்கவரி பற்றிய விதி ஒன்றுக்கு விளக்கம் எழுதினார். அடிமைகளைக் கொண்டுவருகிறவர் சுங்கத்தில் கணக்குக் காட்டாமல் மறைத்தால் அடிமைகள் பறிமுதல் ஆவார்கள். ஆனால் அவர்கள் 'நொவீசியுஸ்' வகையாக இருந்தால்தான் பறிமுதல். பழைய அடிமைகள் என்றால் இல்லை. யார் புதியவர், யார் பழையவர்? நகரத்தில் தொடர்ந்து ஓராண்டு ஊழியம் செய்து முடித்தவர் பழையவர் என்கிறார் மார்சியானுஸ். ஓராண்டு நிறையாதவர் நொவீசியுஸ்.

ஏறத்தாழ அதே காலத்தவரான உல்பியானுஸ் இன்னொரு செய்தி சொல்கிறார். ஒரு வீட்டில் பழகிப்போன அடிமையைப் புதியவன் என்று சொல்லி விற்பதைச் சந்தை அதிகாரிகள் தடை செய்திருந்தார்கள். வியாபாரிகள் அப்படிப் பொய் சொன்னதற்குக் காரணம் விலை. புதியவன் சூதுவாது அறியாதவன், சொன்னதைக் கற்றுக்கொள்வான், எந்த வேலைக்கும் அவனைப் பழக்கலாம். வேறொருவரிடம் பழகியவனைத் திருத்தி நம் வழிக்குக் கொண்டுவருவது கடினம் என்று வாங்குகிறவர்கள் எண்ணினார்கள். அதனால் புதியவனுக்கு அதிக விலை கிடைத்தது.

இந்தச் சொல்தான் பிறகு ஐரோப்பியத் துறவு மடங்களுக்குள் வந்தது. மடத்தில் சேர விரும்பி வந்து, துறவு வாழ்வுக்கான வாக்காகிய வார்த்தைப்பாட்டைக் கொடுக்காமல் இன்னும் சோதனைக் காலத்தில் இருப்பவர் நொவீசியுஸ். அதிலிருந்து ஆங்கிலத்தின் 'நாவிஸ்'. தமிழ்க் கத்தோலிக்கர் 'நவதுறவி' என்கிறார்கள். லத்தீனின் 'நொவுஸ்', வடமொழியின் 'நவ' இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு கன்னியர் மடத்தில் நவதுறவியாக இருக்கும் பெண்ணின் பெயருக்குள்ளும் அந்தப் பழைய ரோமானியச் சொல்லின் வேர் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இடைக்காலத்தில் இந்தச் சொல்லின் பொருள் தலைகீழாக மாறியது. ரோமில் நொவீசியுஸ் தன் விருப்பத்துக்கு மதிப்பே இல்லாத ஆள். மடத்தில் நொவீசியுஸ் என்பவர்தான் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்களிலேயே வெளியே போக உரிமையுள்ள ஆள். மூத்த துறவிக்கு அந்த உரிமை இல்லை, மடத்தலைவருக்கும் இல்லை. தொடக்க நிலையில் இருப்பவருக்கு மட்டும் இருந்தது. அந்த உரிமை எளிதாக நிலைபெற்றுவிடவில்லை. யாருக்கு அது மறுக்கப்பட்டது, எப்போது குறுக்கப்பட்டது, எப்போது மீட்கப்பட்டது என்று பார்த்தால்தான் இந்தச் சொல்லின் கனம் தெரியும்.

சமயத்தில் புதியவரைக் குறிக்கக் கிறிஸ்தவத்தில் இதற்கு முன்பே வேறு இரண்டு சொற்கள் இருந்தன. இரண்டும் கிரேக்கம். திருமுழுக்குப் பெறுமுன் போதனை கேட்டுக்கொண்டிருப்பவர் 'கத்தெக்கூமென்'. அவர் வழிபாட்டின் முதற்பகுதிக்கு மட்டும் இருந்துவிட்டு எழுந்து வெளியே போகவேண்டும். திருமுழுக்குப் பெற்றுப் புதிதாக விசுவாசத்தில் ஊன்றப்பட்டவர் 'நியோஃபித்தோஸ்'. புதிதாக நடப்பட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஊரே கிறிஸ்தவமாகி, குழந்தை பிறந்ததும் திருமுழுக்குக் கொடுப்பது வழக்கமான பிறகு இந்த இரண்டு சொற்களுக்கும் ஆள் இல்லாமல் போயிற்று. முன்பு மாதக்கணக்கில் நடந்த போதனைக் காலம், கைக்குழந்தையைக் கோவில் வாசலில் நிறுத்திச் செய்யும் சிறு சடங்காகச் சுருங்கியது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஒரு கடிதத்தில் 'நியோஃபித்' என்ற சொல்லுக்குப் புதுப்பொருள் தருகிறார். முன்னாளில் விசுவாசத்தில் புதிதாக நடப்பட்டவர் அந்தப் பெயர் பெற்றார்; இந்நாளில் துறவுக்கோலத்தில் திடீரென்று நுழைந்து உயர்பதவிக்கு ஆசைப்படுகிறவரையே அப்படிக் கருதவேண்டும் என்கிறார். எல்லோரும் பிறப்பாலேயே கிறிஸ்தவர் ஆன உலகத்தில் ஒருவர் சமயத்தில் உண்மையாகத் தொடங்கும் இடம் கோவில் வாசலிலிருந்து மடத்து வாசலுக்கு நகர்ந்துவிட்டது. பெரியவர் ஒருவர் தானே முடிவெடுத்து வந்து நிற்பதற்கு மிஞ்சிய வாசல் அது ஒன்றுதான்.

அந்த வாசலில் அடிமையும் வந்து நின்றார். ஜுஸ்தீனியன் பேரரசர் கி.பி. 535இல் பிறப்பித்த சட்டம் ஒன்று மடத்துக்கு வருபவரை, அவர் சுதந்திரர் ஆனாலும் அடிமை ஆனாலும், மூன்று ஆண்டுகள் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் எசமானர் வந்து, இவன் என் அடிமை, திருடிவிட்டு ஓடிவந்தவன் என்று நிரூபித்தால் அழைத்துப் போகலாம். ஆனால் அவனுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்த எசமானருக்கும் அவன்மேல் உரிமை இல்லை. அடிமைச் சந்தையில் புழங்கிய சொல் அடிமையையே விடுவிக்கும் நிலைக்குப் பெயரானது இப்படித்தான்.

மேற்கில் இந்த நிலைக்குத் திட்டவட்டமான வடிவம் கொடுத்தவர் பெனடிக்ட். நம்மூர்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் அதே புனிதர். மோந்தே கசீனோ மலையில் ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய ஒழுங்குநூலின் 58ஆம் அதிகாரம் முழுவதும் புதியவரைச் சேர்த்துக்கொள்வது பற்றியது. முன்மாதிரி அவருக்கு எகிப்திலிருந்து கிடைத்தது. அங்கே சேர வந்தவர் பத்து நாளோ அதற்கு மேலோ வாசலுக்கு வெளியே கிடக்கவேண்டும், போகிற வருகிறவர்களின் ஏச்சைத் தாங்கவேண்டும், பிறகு ஓராண்டு வாசலருகே விருந்தினருக்குப் பணிவிடை செய்யவேண்டும் என்று காசியானுஸ் என்ற துறவி எழுதிவைத்திருந்தார். பெனடிக்ட் இதை மென்மையாக்குகிறார். நான்கைந்து நாள் தட்டிக்கொண்டே நின்றால் திறக்கலாம். சில நாள் விருந்தினர் அறை. அதன்பின் நவதுறவியர் அறை. உணவு, உறக்கம், தியானம் எல்லாம் அங்கேயே. ஆன்மாக்களை வசப்படுத்தத் தெரிந்த மூத்தவர் ஒருவர் அவர்களைக் கவனித்துக்கொள்வார். இவர் உண்மையாகவே கடவுளைத் தேடுகிறாரா என்று பார்ப்பது அவருடைய வேலை.

அடுத்து வருவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இரண்டு மாதம் முடிந்ததும் ஒழுங்குநூல் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். நீ இந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழப்போகிறாய், முடியுமானால் உள்ளே வா, முடியாதென்றால் சுதந்திரமாகப் போய்விடு என்று சொல்லவேண்டும். இன்னும் ஆறு மாதம் கழித்து மறுபடியும் முழுவதும் வாசிக்கவேண்டும். அதற்கு மேல் நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறை. மொத்தம் பன்னிரண்டு மாதம், மூன்று வாசிப்பு, மூன்று முறை வெளியே போக வாய்ப்பு. ஆள் சேர்க்கும் அமைப்பு ஒன்று தன் முழுச் சட்டத்தையும் சேர வந்தவர் காதில் மூன்று தடவை போட்டு, யோசித்துக்கொள் என்று சொல்வது எளிய காரியம் அல்ல. படிக்கத் தெரியாதவருக்கும் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும் என்பதற்குத்தான் உரக்க வாசிப்பது.

ஓராண்டு கழித்தும் அவர் இருக்க விரும்பினால் கோவிலில் எல்லோர் முன்னும் வார்த்தைப்பாடு கொடுக்கிறார். அந்த மடத்திலேயே நிலைத்திருப்பேன், துறவு நெறிப்படி வாழ்வேன், கீழ்ப்படிவேன் என்பவை அந்த வாக்குகள். அதைத் தன் கையாலேயே எழுதவேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பிறர் எழுத, அவர் கீறலிட்டுத் தன் கையாலேயே பீடத்தின்மேல் வைக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு துறவியின் காலிலும் விழுந்து தனக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறார். போட்டிருந்த உடையைக் களைந்து மடத்து உடையை உடுத்துகிறார்கள். களைந்த உடையை எறிந்துவிடுவதில்லை. உடுப்பறையில் பத்திரமாக வைக்கிறார்கள். என்றாவது அவர் மனம் மாறி மடத்தை விட்டுப் போவதானால் மடத்து உடையை வாங்கிக்கொண்டு பழைய உடையைக் கொடுத்து அனுப்பவேண்டும். ஆனால் பீடத்தின்மேல் வைத்த எழுத்தைத் திருப்பித் தரக்கூடாது. அது மடத்தோடேயே இருக்கும். போன ஆள் திரும்பி வந்து திருந்தி நடப்பேன் என்றால் சேர்த்துக்கொள்ளலாம், மூன்று முறைவரை, ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில்.

வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெனடிக்டின் மடத்தில் மூப்பு வயதால் வருவதில்லை, குலத்தாலும் பதவியாலும் வருவதில்லை. மடத்துக்கு வந்த நேரத்தால் வருகிறது. காலையில் இரண்டாம் மணிக்கு வந்தவர் முதலாம் மணிக்கு வந்தவருக்கு இளையவர். வெளியே பிரபுவாக இருந்தவர் நேற்று வந்த உழவர் மகனுக்குப் பின்னால் நிற்கவேண்டியிருந்தது. புதியவர் என்ற சொல் அங்கே பிறப்பின் ஏற்றத்தாழ்வை முழுவதும் அழித்தது என்று சொல்லமாட்டேன். மடங்களில் பிரபுக்களின் செல்வாக்கு எப்போதும் இருந்தது. ஆனாலும் ஒழுங்குநூலின் எழுத்தில் அது அழிந்திருந்தது.

இந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே ஓர் அநீதி இருக்கிறது. 58ஆம் அதிகாரத்தைத் திருப்பினால் வரும் 59ஆம் அதிகாரம் பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் தங்கள் மகனை மடத்துக்கு நேர்ந்துவிட விரும்பினால் அவர்களே விண்ணப்பம் எழுதவேண்டும். அந்த விண்ணப்பத்தையும் பிள்ளையின் கையையும் பீடத் துணியில் சேர்த்துச் சுற்றி ஒப்படைக்கவேண்டும். அவ்வளவுதான். சோதனைக் காலம் இல்லை, மூன்று வாசிப்பு இல்லை, போய்விடு என்று சொல்ல யாரும் இல்லை. 633இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இதை இன்னும் இறுக்கிச் சட்டமாக்கியது. ஒருவரைத் துறவியாக்குவது தகப்பனின் பக்தி அல்லது சொந்த வாக்கு, எதுவானாலும் கட்டுப்படுத்தும், உலகத்துக்குத் திரும்ப வழியில்லை என்றது அது.

நேர்ந்துவிடப்பட்ட பிள்ளைகளில் பெரிய மனிதர்கள் உருவானார்கள் என்பது உண்மை. ஆங்கிலேயரின் முதல் பெரும் வரலாற்றாசிரியரான பீட் ஏழு வயதில் மடத்துக்குக் கொடுக்கப்பட்டவர். ஓர்டெரிக் விட்டாலிஸ் 1085இல், பத்து வயதில், இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து நார்மண்டியின் சேன் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பப்பட்டார். வழியனுப்பிய தகப்பன் அழுதார். போன இடத்தில் பேசிய மொழி பிள்ளைக்குப் புரியவில்லை. அவருடைய ஆங்கிலப் பெயர் நார்மன்களின் காதுக்கு ஒத்துவராததால் பெயரையும் மாற்றிவிட்டார்கள். பெரும் வரலாறு ஒன்றை எழுதி முடித்து, அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில், நூலின் கடைசியில் இதை எல்லாம் கடவுளிடம் சொல்வதாக எழுதுகிறார். தன் வாழ்க்கைக்கு நன்றி சொல்கிறார். புகார் ஏதும் சொல்லவில்லை. இருந்தும் ஐம்பது ஆண்டுக்கு மேல் கடந்தும் அந்தக் கண்ணீரை அவர் மறக்கவில்லை. அதைப் படிக்கும்போது நன்றியை மட்டும் எடுத்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை.

புகார் சொன்னவரும் ஒருவர் இருந்தார். சாக்சனி நாட்டுப் பிரபுவின் மகன் கோட்ஷால்க் பிள்ளைப் பருவத்தில் ஜெர்மனியின் ஃபுல்டா மடத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். வளர்ந்த பிறகு, என் சம்மதம் இல்லாமல் என்னைத் துறவியாக்கினார்கள் என்று சொல்லி 829இல் மைன்ஸ் நகரத்துச் சங்கத்தில் முறையிட்டார். சங்கம் அவர் பக்கம் நின்று அவரை விடுவித்தது. ஃபுல்டா மடத்தின் தலைவர் ராபானுஸ் மௌருஸ் அக்காலத்தின் மாபெரும் அறிஞர். அவர் பேரரசரிடம் மேல்முறையீடு செய்ததோடு, பிள்ளைகளை நேர்ந்துவிடுவது செல்லும் என்று தனியாக ஒரு நூலே எழுதினார். முடிவில் கோட்ஷால்க் துறவியாகவே இருக்கவேண்டி வந்தது; மடம் மட்டும் மாறியது. பின்னாளில் இறையியல் கருத்துக்காகக் கண்டிக்கப்பட்டு, சாட்டையடி பட்டு, ஓத்வில்லே மடத்தில் சிறைப்பட்டே இறந்தார். ராபானுஸின் நியாயம் எனக்குப் புரிகிறது. கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது அவர் கண்ணுக்குத் திருட்டு. ஆனால் கொடுத்தவர் யார், கொடுக்கப்பட்டவர் யார் என்ற கேள்வியை அந்தப் பெரிய அறிவு ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கோட்ஷால்க் ஒருநாளும் நவதுறவியாக இருந்ததில்லை. அவருக்கு மறுக்கப்பட்டது அந்த ஓர் ஆண்டுதான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை மறுபடியும் எழுப்பியவர்கள் சிஸ்டெர்சியன் சபையார். பிள்ளைகளை வாங்கமாட்டோம், பதினைந்து வயது நிறையாதவருக்கு நவதுறவியர் அறையில் இடமில்லை, பெனடிக்ட் சொன்ன ஓராண்டை ஒருநாளும் குறைக்கமாட்டோம் என்றார்கள். அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்த க்ளூனி மடத்தில் ஓராண்டுச் சோதனை வெகுவாகச் சுருங்கியிருந்தது. இதைக் குற்றமாகச் சொன்ன சிஸ்டெர்சியர்களுக்கு க்ளூனியின் தலைவர் வணக்கத்துக்குரிய பீட்டர், அவர்களில் ஒருவரான க்ளேர்வோவின் பெர்னார்டுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பதில் சொன்னார். ஒழுங்குநூலின் எழுத்தைவிட அன்பு பெரியது. காத்திருக்க வைத்தால் மனம் தளர்ந்து உலகத்துக்கே திரும்பிவிடுபவர்களை இழக்கலாமா என்பது அவர் வாதம். இரக்கத்தோடு சொன்ன வாதம்தான். ஆனால் அதன் உள்ளே, திரும்பிப் போவதை இழப்பாகவே எண்ணும் மனம் இருக்கிறது. பீட்டரே பின்னால் குறைந்தது ஒரு மாதமாவது சோதனை வேண்டும் என்று விதி செய்யவேண்டியதாயிற்று.

பெர்னார்டின் சொந்தக்காரப் பையன் ராபர்ட் விவகாரத்தில் இது குடும்பச் சண்டையாகவே வெடித்தது. பெற்றோர் அவனைச் சிறுவயதில் க்ளூனிக்கு நேர்ந்திருந்தார்கள். அவன் வளர்ந்து தானாக சிஸ்டெர்சியன் மடத்துக்கு வந்து, காத்திருந்து, நவதுறவியாக இருந்து, வார்த்தைப்பாடும் கொடுத்தான். பிறகு க்ளூனியின் தூண்டுதலால் அங்கே போய்விட்டான். பெர்னார்ட் அவனுக்கு எழுதிய கடிதம் அவருடைய கடிதத் தொகுப்பில் முதலாவதாக இருக்கிறது. கோபமும் பாசமும் கலந்த அந்தக் கடிதத்தில் அவர் எழுப்பும் கேள்வி: மகனுக்காகத் தகப்பன் கொடுத்த வாக்கு பெரிதா, மகன் தன் வாயால் தனக்காகக் கொடுத்த வாக்கு பெரிதா? பெர்னார்ட் இதைக் கேட்டது அவனைத் தன் மடத்துக்குத் திரும்ப இழுப்பதற்காகத்தான். அவனுடைய விடுதலைக்காக அல்ல. ஆனாலும் தொலேதோ சங்கம் சமமாக வைத்த இரண்டு வாக்குகளில் ஒன்று இங்கே உயர்ந்துவிட்டது.

நவதுறவியர் அறைக்குள் அந்த ஓராண்டு எப்படிக் கழிந்தது என்பதற்குச் சிதறிய சான்றுகள்தான் உண்டு. பெர்னார்டே சீத்தோ மடத்தில் நவதுறவியாக இருந்தபோது தன் புலன்களை எவ்வளவு அடக்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய வில்லியம் சொல்கிறார்: ஓராண்டு தங்கிய அறையின் கூரை வளைவானதா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாதாம். பாரீஸில் விக்டர் மடத்து ஹியூ நவதுறவியருக்கென்றே ஒரு நூல் எழுதினார். எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, பேசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, பந்தியில் எப்படிச் சாப்பிடுவது என்று அதில் விரிவாக இருக்கிறது. உடம்பின் அசைவைப் பழக்கினால் மனமும் பழகும் என்பது அவர் நம்பிக்கை. முத்திரைக்குக் கீழே மெழுகு இளகியிருக்கவேண்டும், நல்லவர்களின் உருவம் அதில் பதியும் என்கிறார். உல்பியானுஸ் சொன்ன அடிமைச் சந்தை வாடிக்கையாளர்கள் தேடியதும் இதே இளக்கத்தைத்தான். இந்த ஒற்றுமை என்னை உறுத்துகிறது. வளைந்துகொடுக்கும் ஆள் வேண்டும் என்று எசமானர்களும் சொன்னார்கள், ஆசிரியர்களும் சொன்னார்கள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: ஹியூவின் மாணவர், வேண்டாம் என்று எழுந்து போகலாம்.

இடைக்கால நூல்களில் நவதுறவியின் குரல் நமக்கு நேராகக் கேட்கும் இடங்கள் குறைவு. இங்கிலாந்தின் ரீவோ மடத்தில் நவதுறவியருக்கு ஆசிரியராக இருந்த ஏல்ரெட் 1140களின் தொடக்கத்தில் எழுதிய 'அன்பின் கண்ணாடி'யில் அப்படி ஓர் இடம் உண்டு. ஒரு நவதுறவி அவரிடம் வந்து வருந்துகிறார். உலகத்தில் சுகமாக இருந்தபோது செபத்தில் எனக்குக் கண்ணீர் பெருகியது, இங்கே இவ்வளவு கடுமையாக வாழ்ந்தும் அந்த இனிமை வரவில்லையே என்கிறார். ஏல்ரெட் பொறுமையாகப் பேசிக்கொண்டே போகிறார். கடைசியில் அந்த இளைஞரே ஒப்புக்கொள்கிறார்: ஆர்தர் என்ற ஏதோ ஓர் அரசனைப் பற்றிய கட்டுக்கதைகளைக் கேட்டும் நான் அழுததுண்டு. மன்மத் ஜெஃப்ரியின் நூல் வெளிவந்து ஆர்தர் கதைகள் பரவத் தொடங்கிய காலம் அது. கண்ணீர் வருவதற்கும் அன்பு இருப்பதற்கும் தொடர்பில்லை என்று அந்த இளைஞர் தன் அனுபவத்திலிருந்தே கண்டுகொள்கிறார். ஆசிரியர் அவருக்குப் பதிலை ஊட்டவில்லை, கேள்வியோடு இருக்க இடம் கொடுத்தார்.

எண்பது ஆண்டு கழித்து ரைன் நதிக்கரைப் பகுதியில், ஹைஸ்டர்பாக் மடத்தின் சீசேரியுஸ் இதையே ஒரு பெரிய நூலின் அமைப்பாக்கினார். அவரும் நவதுறவியருக்கு ஆசிரியர். 1220ஐ ஒட்டி அவர் எழுதிய 'அற்புதங்களின் உரையாடல்' முழுவதும் இரண்டு பேர் பேசுவது. ஒருவர் துறவி, மற்றவர் நொவீசியுஸ். பன்னிரண்டு பகுதிகள். மனமாற்றத்தில் தொடங்கி இறந்தோர் பெறும் கைம்மாறில் முடியும் அந்த நூலில் நூற்றுக்கணக்கான கதைகள் வருகின்றன. அவை வெளிவருவதற்குக் காரணம் நவதுறவி கேட்கும் கேள்விகள். அவர் வெறுமனே தலையாட்டுவதில்லை. இது எப்படிப் பொருந்தும், அது நியாயமா என்று கேட்கிறார். இங்கேயும் ஆர்தர் வருகிறார். மடத்தலைவர் கெவார்ட் உரையாற்றும்போது பலர் தூங்கிவிட்டார்கள், சிலரிடமிருந்து குறட்டைச் சத்தமும் வந்தது. அவர் சட்டென்று நிறுத்தி, ஆர்தர் என்று ஓர் அரசர் இருந்தார் என்று தொடங்கியதும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். கடவுளைப் பற்றிப் பேசினால் உறங்குகிறீர்கள், கதை என்றால் எழுந்துகொள்கிறீர்கள் என்று அவர் வருத்தப்பட்டாராம். உறங்கியவர்கள் வார்த்தைப்பாடு கொடுத்து முடித்தவர்கள். ஏல்ரெட்டின் நவதுறவி விழித்திருந்து தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டவர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, மடத்தில் மிகவும் விழிப்பாக இருந்தவர் இன்னும் முடிவு செய்யாதவர்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

சீசேரியுஸின் நூலில் ஒரு குறையும் உண்டு. மடத்தை விட்டுப் போகத் துடிக்கும் நவதுறவியருக்கு அது பிசாசின் சோதனை என்றே அவருடைய கதைகள் சொல்கின்றன. ஒழுங்குநூலின் சட்டம் திறந்து வைத்த கதவை இந்தக் கதைகள் பாதி சாத்திவிடுகின்றன. சட்டத்தில் இருக்கும் உரிமையை அச்சத்தால் பறிப்பது எல்லாக் காலத்துச் சமய அமைப்புகளிலும் நடப்பதுதான். அதனால்தான் சட்டம் எழுத்தில் இருப்பது முக்கியமாகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அசிசியின் பிரான்சிஸ் வந்தபோது எல்லாம் வேகமெடுத்தது. தெருவில் சந்தித்தவர் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அன்றே சகோதரர் ஆனார். சகோதரர்களின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது. சோதிக்கப்படாதவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். 1220 செப்டம்பர் 22இல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் ஓர் ஆணை மூலம் பிரான்சிஸ்கன் சகோதரர்களுக்கும் ஓராண்டு நவதுறவைக் கட்டாயமாக்கினார். 1223இல் உறுதிபெற்ற அவர்களது ஒழுங்குநூல் நவதுறவியின் உடையைக்கூடச் சொல்கிறது: தலைமூடி இல்லாத இரண்டு அங்கிகள், இடுப்புக் கயிறு, கால்சட்டை, கயிறு வரை தொங்கும் ஒரு சிறு மேலாடை. பார்த்த மாத்திரத்தில் இவர் இன்னும் முழுத் துறவி அல்ல என்று தெரியும்.

அந்தக் காலத்து நவதுறவி ஒருவரின் வரலாறு அவர் வாயாலேயே கிடைத்திருக்கிறது. பார்மா நகரத்து சாலிம்பேனே 1238இல், பதினாறு வயதில், வீட்டுக்குத் தெரியாமல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். தகப்பனார் சும்மா இருக்கவில்லை. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கிடம் போய்ச் சபைத் தலைவர் எலியாவுக்குக் கடிதம் வாங்கினார். எலியா, பையன் இருந்த ஃபானோ நகரத்துச் சகோதரர்களுக்கு எழுதினார்: அவன் விரும்பினால் உடனே தகப்பனோடு அனுப்பிவிடுங்கள், விரும்பாவிட்டால் கண்ணின் மணியாக வைத்துக் காப்பாற்றுங்கள். எல்லோர் முன்னும் பையனைக் கேட்டார்கள். அவன் வரமாட்டேன் என்றான். தகப்பன் தரையில் விழுந்து சபித்தார். இதை எல்லாம் சாலிம்பேனே வயதான காலத்தில் தன் வரலாற்று நூலில் எழுதிவைத்தார். அவருடைய முடிவு சரியா என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தகப்பனின் துயரமும் சின்னதல்ல. ஆனால் பேரரசரின் கடிதமும் சபைத் தலைவரின் கடிதமும் கடைசியில் பதினாறு வயதுப் பையனின் சொல்லுக்குக் காத்து நின்றன. நானூறு ஆண்டுக்கு முன் கோட்ஷால்க்குக்குக் கிடைக்காதது அதுதான்.

இன்று 'நாவிஸ்' என்பது சதுரங்கம் ஆடப் பழகுகிறவருக்கும் வண்டி ஓட்டப் பழகுகிறவருக்கும் பொதுச்சொல். திறமை போதாதவர் என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தமிழில் கற்றுக்குட்டி என்று சொல்வோமே, அதைப்போல. கத்தோலிக்கத் துறவு சபைகளில் மட்டும் பழைய முழுப்பொருள் வாழ்கிறது. இயேசு சபையார் அந்தச் சோதனைக் காலத்தை இரண்டு ஆண்டாகவே வைத்திருக்கிறார்கள். துறவு சபைக்குப் பிள்ளையை அனுப்பிய தமிழ்க் குடும்பங்களில், பாதியில் வீடு திரும்பிய மகனையோ மகளையோ ஊர் தோற்றவராகப் பார்ப்பதை நாம் அறிவோம். அப்படிப் பார்ப்பவர்கள், அவர் பயன்படுத்தியது 1500 ஆண்டுப் பழமையான ஓர் உரிமை என்பதை அறியவேண்டும். பெனடிக்ட் அந்த உரிமையைத்தான் மூன்று முறை உரக்க நினைவூட்டச் சொன்னார்.

ஆனால் இடைக்காலம் முடிந்த பிறகே இந்த உரிமைக்கு முழுக்காப்புக் கிடைத்தது. 1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கம் தன் இறுதி அமர்வில், பதினாறு வயது நிறையாத எவரும், துறவு உடை அணிந்து முழு ஓராண்டு சோதனையில் இராத எவரும் வார்த்தைப்பாடு கொடுத்தால் அது செல்லாது என்று தீர்மானித்தது. ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கன்னியர் மடத்துக்குள் தள்ளுகிறவர் எவரானாலும் சபைநீக்கத்துக்கு உள்ளாவார் என்றும், அவள் தானாக வருகிறாளா என்று ஆயர் முதலில் விசாரிக்கவேண்டும் என்றும் சொன்னது. சொத்தைப் பற்றியும் ஒரு விதி செய்தது. வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை நவதுறவியின் சாப்பாட்டுக்கும் உடைக்கும் ஆகும் செலவைத் தவிர, அவருடைய சொத்திலிருந்து பெற்றோரோ உறவினரோ எதையும் மடத்துக்குக் கொடுக்கக்கூடாது. சொத்து மடத்தின் கையில் இருந்தால் அவர் போக நினைத்தாலும் போகமுடியாமல் ஆகிவிடும் என்பதைச் சங்கம் காரணமாகவே எழுதி வைத்தது. வார்த்தைப்பாட்டுக்கு முன் போகிறவருக்கு அவருடையது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்றும் கட்டளையிட்டது.